டிக்‌ஷனரி சாரின் ஒரே சொந்தச் சொல்

தனக்குத் தெரியாத ஒன்றை யாராவது கேட்டுவிட்டால், அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். தெரிந்ததைக் கேட்டால் துடைக்கமாட்டார். கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்து விழும். இந்த வித்தியாசத்தை அந்த வீட்டில் கண்டுபிடித்தவள் சின்னவள் ஒருத்திதான். கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

சின்னதாகத் தெரியவில்லை என்றால் ஒரு பக்கத்துக் கண்ணாடி. பெரிதாகத் தெரியவில்லை என்றால் இரண்டு பக்கமும். ஒன்றுமே தெரியாது என்றால் காதில் மாட்டும் கம்பி வரைக்கும் துடைப்பு போகும். துடைத்து முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொள்வதற்குள் பதில் தயாராகிவிடும். அந்தப் பதிலில் ஒரு ராஜா இருப்பார், இல்லையென்றால் ஒரு ஊர் இருக்கும். கேட்டவர் வாயைப் பிளந்துகொண்டு போவார். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர் எவரும் இல்லை. புரட்டிப் பார்க்கிற ஜனங்களாக இருந்தால் அத்தானிடம் வந்து கேட்டிருக்கவேமாட்டார்கள்.

தெருவில் அவருக்குப் பெயர் டிக்‌ஷனரி சார். அது அவரே தேடிக்கொண்ட பெயர். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னல் அவருடையது. போட்டோவில் இருக்கிற முகமும் எதிரே நிற்கிற முகமும் ஒன்றுதானா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். அந்த வேலை தன் அறிவுக்குப் போதாது என்று அவருக்குப் பட்டது. ஜன்னலுக்கு மேலே ஒரு பலகையை மாட்டி, தினம் ஒரு ஆங்கிலச் சொல்லும் அது பிறந்த கதையும் எழுதி ஒட்டினார். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறவனுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது, படித்தார்கள். மின்விசிறியைப் பார்த்தவர்கள் போக மிச்சம் பேர் பலகையைப் பார்த்தார்கள். அதை அவர் வாசகர் கூட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

பலகைக்கான தாளை எழுதிக் கொடுத்தவள் சின்னவள். அக்காவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. ரெண்டு மாசம் ஒத்தாசையாக இருந்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். ரெண்டு மாசம் இருபத்துமூன்று வருஷம் ஆகிவிட்டது. குழந்தைகள் வளர்ந்து, படித்து, ஆளுக்கொரு ஊரில் வேலைக்கும் போய்விட்டார்கள். சின்னவளை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை, இங்கேயும் யாரும் போகச் சொல்லவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்துவிட்டாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அத்தானின் புத்தகத்தில் ஏதோ ஒரு பாகம் அச்சுக்குப் போகிற சமயமாக இருந்தது.

புத்தகத்தின் பெயர் 'சொல்லும் அதன் பிறப்பும்'. வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு அத்தான் எழுத ஆரம்பித்தார். எழுத ஆரம்பித்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அவர் பேனாவைத் தொடமாட்டார். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைக்கும் சாப்பாட்டு மேஜைக்கு அலுவலகம் என்று பெயர். அந்த நேரத்தில் அதன்மேல் ஒரு தட்டை வைத்தால் கொலைக்குற்றம். இரட்டைகள் பள்ளி விடுமுறை நாளில் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அத்தான் மேஜையைச் சுற்றி நடப்பார். சின்னவள் உட்கார்ந்து எழுதுவாள்.

"யோசிக்கிற கை வேற, எழுதுற கை வேற," என்பார். யோசிக்கிற கை அவர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும்.

அவர் சொல்லச் சொல்ல அவள் ஒரு தடவை வேகமாக எழுதிக்கொள்வாள். சாயங்காலம் அதைப் பார்த்துச் சுத்தப் பிரதி எடுப்பாள். அத்தான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே இரண்டு கோடு இழுப்பார். எழுதி முடித்ததைத் திரும்பப் படிப்பது அவருக்குப் பிடிக்காது. தன் அறிவைத் தானே சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடுமாம்.

அவர் துடைத்துச் சொன்ன சொற்களின்மேல் சின்னவளுக்கு ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. காய்கறி வாங்கப் போகிற வழியில் பொது நூலகம். உள்ளே ஒரு மூலையில், வெளியே எடுத்துப் போகக் கூடாத புத்தகங்களுக்கு நடுவில், சாய்வான மரத்தாங்கியில் ஒரு பெரிய ஆங்கில அகராதி திறந்தே கிடக்கும். ஒரு நாள் பையைக் காலடியில் வைத்துவிட்டு அதைப் புரட்டினாள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வந்தது. ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் ஆனது. அன்றைக்குத் தேடியது 'மஸில்', தசைக்கான ஆங்கிலச் சொல். அத்தான் சொன்ன கதையில் மஸ்கலஸ் என்று ஒரு மல்யுத்த வீரன் இருந்தான். அகராதியில் வீரனும் இல்லை, சண்டையும் இல்லை. லத்தீனில் சின்ன எலி என்று போட்டிருந்தது. கையை மடக்கினால் தோலுக்கடியில் ஒரு எலி ஓடுகிற மாதிரி இருக்கிறதாம்.

அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. அப்போது விவரம் போதாது. வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னாள்.

"எலியா?" என்றார் அத்தான். "கையிலயா?"

"ஆமா அத்தான். அப்படித்தான் போட்டிருக்கு."

"கேட்டியாடி," என்று அக்காவைக் கூப்பிட்டார். "உன் தங்கச்சி கைக்குள்ள எலி புகுந்துடுச்சாம். பொறி வைக்கணும்."

இரட்டைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வாரம் அவளைக் கண்டால் 'கீச் கீச்' என்றார்கள். அன்று பாத்திரம் கழுவும்போது அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஏண்டி அவர் முகத்துக்கு நேரா இப்படிப் பேசுற? நாம அவர் நிழல்ல இருக்கோம். அவர் சொன்னா சொன்னபடி எழுதிட்டுப் போயேன்."

அவள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. சொன்னபடி எழுதிக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் சுத்தப் பிரதி எடுக்கும்போது மல்யுத்த வீரனைத் தூக்கிவிட்டு எலியை வைத்தாள்.

அத்தான் கையெழுத்துப் போட்டு இரண்டு கோடு இழுத்தார்.

அப்படித்தான் அது வழக்கமானது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை ராஜாக்களையும் எத்தனை ஊர்களையும் அவள் சத்தமில்லாமல் அடக்கம் செய்திருக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை. புத்தகம் மூன்று பாகம் வந்தது. நம்பிப் படிக்கலாம் என்று பேர் எடுத்தது. மஸிலும் எலியும் ஒருவருக்குப் பிடித்துப்போய், வீடு தேடி வந்து அத்தான் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தான் துடைக்காமலே சொன்னார்: "அந்த எலியைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

சின்னவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருகிற அளவுக்கு அவரை அவள் மதிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த மேஜை. சாயங்காலம் நாலு மணிக்கு, மேஜையில் வெளிச்சம் சாய்ந்து விழும்போது, ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சரியாக எழுதுவாள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். புத்தகத்தில் யார் பெயர் இருந்தால் என்ன என்று இருந்தாள்.

அப்புறம்தான் டிராகோனி வந்தது.

ஓய்வு பெற்ற அலுவலர்கள் தங்கள் சங்கத்தில் மாதம் ஒரு முறை கூடுவார்கள். முன்பு சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாதவர்கள், இப்போது பிளாஸ்டிக் நாற்காலியைக் கிட்டக் கிட்டப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அத்தான் பத்து நிமிஷம் பேசுவார். மேடைக்குத் துணியும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துப் போகிற வேலை சின்னவளுக்கு. அன்றைக்கு ஒருவர் எழுந்து, பேப்பரில் படித்ததாகச் சொல்லி, "சார், டிராகோனிக்னு ஒரு வார்த்தை வருதே, அது டிராகன் சம்பந்தப்பட்டதா?" என்றார்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் துடைத்தார். கம்பியையும் துடைத்தார். கடைசி வரிசையில் இருந்த சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க நினைக்கிறது தலைகீழ்," என்றார் அத்தான். "டிராகன்ல இருந்து இந்த வார்த்தை வரலை. ஒரு காலத்துல டிராகோனின்னு ஒரு ஊர் இருந்தது. அந்த ஊர் ஜனங்க மகா கோபக்காரங்க. வாயைத் திறந்தா நெருப்புதான். அவங்களைப் பார்த்துத்தான் அந்த மிருகத்துக்கே பேர் வெச்சாங்க. ஊர் போச்சு, மிருகம் நின்னுடுச்சு."

கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். கேள்வி கேட்டவர், "நம்ம பழைய மேனேஜர் அந்த ஊர்க்காரரா இருக்கும் சார்," என்றதும் சிரிப்பு வேறு. அத்தானுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "ஊர் போச்சு, மிருகம் நின்னுடுச்சு," என்று தனக்குத் தானே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சி நிலையம் மூன்று பாகத்தையும் ஒன்றாக்கிப் பெரிய புத்தகமாகப் போட முன்வந்திருந்தது. தேர்வு எழுதுகிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கிற இடம். மாதிரிக்கு டி எழுத்தில் நாற்பது சொல் கேட்டார்கள். டிராகோனிக் என்ற சொல்லும் அதில் சேர்ந்தது. அத்தான் மேஜையைச் சுற்றி நடந்து, ஊரையும் நெருப்பையும் மிருகத்தையும் சொன்னார். சின்னவள் எழுதிக்கொண்டாள். மறுநாள் காய்கறிப் பையோடு நூலகத்துக்குப் போனாள்.

டிராகோனிக் என்றால் டிராகன் சம்பந்தமான, டிராகன் போன்ற, அவ்வளவுதான். லத்தீனில் டிராகோ. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் டிராகோன், பெரிய பாம்பு என்று அர்த்தம். அந்தச் சொல்லே, கூர்ந்து பார்ப்பது என்கிற ஒரு பழைய வினைச்சொல்லில் இருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருந்தது. கொடுமையான சட்டத்தைச் சொல்லவும் சிலர் இதே சொல்லை எழுதுவார்களாம். அது டிராகோ என்று பேர் கொண்ட பழைய கிரேக்கச் சட்டக்காரர் ஒருவரால் வந்த வழக்கு. சின்னக் குற்றத்துக்கும் மரண தண்டனை எழுதிய மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அதற்கு டிராகோனியன் என்கிற சொல்தான் இப்போது அதிகம் புழங்குகிறது.

சின்னவள் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறப்பில் நெருப்பே இல்லை. அந்த மிருகத்துக்குப் பேர் வைத்தவர்கள் அதன் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்திருக்கிறார்கள். இமைக்காமல் பார்க்கிற ஒன்று. அவளுக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல கதை அந்த டி எழுத்தில் கிடையாது. சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து எட்டு வரியில் அதை எழுதினாள். டிராகோனி ஊரைக் காலி செய்தாள்.

அத்தான் அன்றைக்குத் தாள்களை வாங்கி, கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுத்தினார். சங்கத்து நண்பரிடம் அந்த ஒரு பதிவைக் காட்ட வேண்டும் என்று ஆசை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தான் எழுதியதாகச் சொல்லப்படும் ஒன்றைப் படித்தார்.

"எங்கே என் ஊரு?" என்றார்.

"எந்த ஊர் அத்தான்?"

"டிராகோனி. எங்கே?"

"லைப்ரரில இருக்கிற பெரிய புத்தகத்துல அப்படி ஒரு ஊர் இல்லை அத்தான்."

"புத்தகத்துல இல்லாததை எழுதத்தானே நான் இருக்கேன்."

"பிள்ளைங்க படிச்சு எழுதப் போறது..."

"ஏம்மா," என்றார் அத்தான். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் பேச ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். "எழுபது பேர் கைதட்டினாங்க. நீ பார்த்தே. எழுபது பேரும் முட்டாளா? எட்டாவதோட நின்னவ நீ. நான் சொன்னதை எழுது. இதுல கை வெக்காதே."

சின்னவள் திரும்ப எழுதினாள். ஊர் வந்தது, நெருப்பு வந்தது. அவர் மற்ற தாள்களைப் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் நாற்பதில் இருபத்தாறு இடத்தில் அவருடைய சரக்கு எதுவும் இல்லை என்பது தெரிந்திருக்கும். அத்தனைக்கும் கோடு இழுத்து அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துப் பயிற்சி நிலையத்திலிருந்து சரிபார்க்கிற அம்மா ஒருத்தி வீட்டுக்கே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தோளில் கனமான துணிப்பை, கையில் பென்சில். தேநீர் வேண்டாம் என்றாள், உட்காரச் சொல்வதற்கு முன் உட்கார்ந்தாள். அக்காவும் சின்னவளும் சமையலறை வாசலில் நின்றார்கள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்," என்றாள் அந்த அம்மா. "நாற்பதுல முப்பத்தொன்பதுல ஒரு குறை சொல்ல முடியாது."

அத்தான் புன்னகையைப் பரிமாறத் தயாராக வைத்திருந்தார்.

"அந்த நாற்பதாவதுதான் புரியலை. டிராகோனின்னு ஒரு ஊர் எங்கே சார் இருக்கு?"

கண்ணாடி கழன்றது. அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தாள். துடைத்து முடித்து மாட்டிய பிறகும் பதில் வரவில்லை. அவள் பென்சிலால் தாளைத் தட்டினாள்.

"முப்பத்தொன்பதை எழுதின ஆளும் இதை எழுதின ஆளும் ஒருத்தரா சார்? எனக்கு அப்படித் தெரியலை."

"இல்லை, இல்லை," என்றார் அத்தான், பிடி கிடைத்தவர் மாதிரி. "அதைத்தான் சொல்ல வந்தேன். இது நகல் எடுக்கும்போது புகுந்தது. என் மச்சினி. கையெழுத்து நல்லா இருக்கேன்னு எழுத விட்டேன். படிப்பு எட்டாவதுதான். கதை ஏதாவது கேட்டிருப்பா, சேர்த்துட்டா."

அந்த அம்மா வாசலைப் பார்த்தாள். "நீங்களா?"

இப்போது சொல்லியிருக்கலாம். சின்னவளுக்கு வாய் இருந்தது, எட்டு வரியும் மனப்பாடமாக இருந்தது. ஆனால் வெளியாள் முன்னால் பேச வேண்டும் என்றால் அவளுக்கு எப்போதுமே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தரையைப் பார்த்தாள். அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் விடலாம். அந்த அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்று முகத்தில் தெரியவில்லை. தன்னை அந்த நிமிஷம் நினைத்த மாதிரி கேவலமாக அத்தானைக்கூடச் சின்னவள் நினைத்ததில்லை.

"எழுத்தில வேணும் சார்," என்று எழுந்தாள் அந்த அம்மா. "இந்தத் தப்பு யாரால வந்தது, இனிமே வராம இருக்க என்ன பண்ணப் போறீங்கன்னு. ஒரு வாரத்துல வந்தா அச்சு நடக்கும். இல்லேன்னா நடக்காது."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேஜை அலுவலகமானது. அத்தான் வழக்கத்தைவிட நிமிர்ந்து நடந்தார். "கடிதம். எழுது. மதிப்பிற்குரிய அம்மா. தாங்கள் சுட்டிய பிழை, நகல் எடுத்த என் மச்சினியின் அறியாமையால் நேர்ந்தது. எழுதிட்டியா? அறியாமையால். இன்று முதல் அவர் இப்பணியில் இருக்கமாட்டார் என்று உறுதி கூறுகிறேன்."

சின்னவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் கேட்டாள். "இனிமே நான் எழுதக் கூடாதா அத்தான்?"

"ஒரு ஆறு மாசம். ஒப்புக்குத்தான்."

"அதுவரைக்கும் யார் எழுதுவாங்க?"

"அவங்களே கம்ப்யூட்டர்ல அடிக்க ஆள் தராங்களாம். இன்னும் எத்தனை நாளைக்குப் பேனாவைக் கட்டிக்கிட்டு அழுறது? நீயும் கொஞ்சம் ஓய்வா இரு. அக்காவுக்கு முட்டி வலி வேற."

அவளை வெளியே அனுப்புகிற கடிதத்தை அவளையே எழுத வைக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. நாற்காலியைக் கொண்டே அதன் காலை உடைக்கச் சொல்கிற மாதிரி இருந்தது. சொல்லி முடித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

சின்னவள் சமையலறைக்குப் போனாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதச் சொன்னார்னு கேட்டியாக்கா?"

"கேட்டுச்சு. எழுதிக் குடுத்துடேன். ஒரு கடுதாசிதானே. அவர் பேரு கெட்டுப்போகும் இல்லே."

"என் பேரு கெட்டுப்போகாதா?"

"உன் பேரு எப்படி கெட்டுப்போகும்?" என்றாள் அக்கா, கத்தியை நிறுத்தாமல். "உன் பேரு எங்கேயும் இல்லையே."

அக்கா அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொன்னாள். நறுக்கிய வெங்காயத்தைச் சின்னவள் தட்டில் அள்ளி வைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

கடிதத்துக்கும் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும் அல்லவா. எடுத்தாள். சொற்களை எப்படிச் சரிசெய்வாளோ அப்படியே கடிதத்தையும் சரிசெய்தாள். "மதிப்பிற்குரிய அம்மா, தாங்கள் கேட்ட விவரம் இது. அனுப்பிய நாற்பது சொற்களில் டிராகோனிக் என்ற ஒன்றில் மட்டுமே நான் சொன்ன தப்பு அப்படியே இருக்கிறது. டிராகோனி என்ற ஊர் எந்த அகராதியிலும் இல்லை. அதைத் திருத்த வந்த என் மச்சினியை நான் தடுத்தேன். மற்றவற்றில் தப்பாக இருந்ததை அவர் நூலகத்தில் பார்த்துத் திருத்தினார். இனி இப்படி நேராமல் இருக்க, எல்லாச் சொற்களையும் அவர் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பலாம்." இன்னொரு தாளில் அந்த எட்டு வரியையும் எழுதிக் கடிதத்தோடு குண்டூசியால் சேர்த்தாள்.

எழுதியதைத் திரும்பப் படித்தாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். சின்னவள் தாளை நீட்டினாள். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க அத்தான்."

"பேனா குடு."

"ஒரு தடவை படிச்சிடுங்களேன்."

"உன்னை நம்பாம யாரை நம்புறது?" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு கோடு இழுத்தார். அவள் அதை மடித்து உறையில் போட்டு, காய்கறி வாங்கப் போகிற வழியில் தபால் பெட்டியில் சேர்த்தாள். அன்றைக்கு நூலகத்துக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, வேறு வேலை ஓடாமல், ரசீதுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் பதில் வந்தது. அத்தான் வாசலிலேயே உறையைக் கிழித்து, நின்றபடியே படித்தார். படித்துக்கொண்டே போனவர் பாதியில் உள்ளே வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அக்கா பயந்துபோய் அவர் கையிலிருந்து தாளை வாங்கினாள். அவளும் படித்தாள், உதட்டை அசைத்து, மெதுவாக.

கடிதத்தில் பாராட்டுதான் இருந்தது. தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டு, உதவியவரின் உழைப்பையும் மறைக்காமல் எழுதுகிற பெரிய மனசு இந்தக் காலத்தில் அபூர்வம் என்று எழுதியிருந்தார்கள். அவருடைய யோசனைப்படியே எல்லாச் சொற்களையும் சரிபார்க்கத் தங்கள் அலுவலகத்துக்கு மச்சினியை வரச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். அச்சு வேலை தொடங்கிவிட்டதாம்.

"நான் இப்படி எழுதவே இல்லை," என்றார் அத்தான்.

"கையெழுத்து யாருது?" என்றாள் அக்கா.

"என்னுதுதான். இவ ஏமாத்தி வாங்கியிருக்கா."

"படிக்கச் சொன்னாளே. ரெண்டு தடவை சொன்னா. எனக்கே கேட்டுச்சு."

"படிக்காம போட்டேன்டி."

"அப்போ அதைப் போய் அவங்ககிட்ட சொல்லுங்க," என்றாள் அக்கா. "நான் எதையும் படிக்காமத்தான் கையெழுத்துப் போடுவேன்னு."

அக்கா குத்திக் காட்டினாளா, உண்மையிலேயே வழி சொன்னாளா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. அத்தான் சின்னவளைப் பார்த்தார். அவள் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. அவர்தான் பார்வையை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலில் வைத்தார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனார். பெரிய மனசு என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் நாலு பேருக்குப் படித்துக் காட்டினாராம். அந்த ஆளுக்கு எங்கே விழுந்தாலும் அடிபடாது.

புத்தகம் போன வருஷம் வெளிவந்தது. அட்டையில் அத்தான் பெயர் பெரிதாக இருக்கிறது. உள்ளே இரண்டாம் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்று போட்டு சின்னவளின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. டிராகோனிக் என்ற சொல்லுக்கு நேராக அவளுடைய எட்டு வரியும் ஒரு எழுத்து மாறாமல் வந்திருக்கிறது. அத்தான் இன்னும் கூட்டங்களில் டிராகோனி ஊர்க் கதையைத்தான் சொல்கிறார், கைதட்டலும் வாங்குகிறார். சின்னவளோடு நேராகப் பேசுவதில்லை. ஏதாவது வேண்டும் என்றால் அக்கா வழியாகச் சொல்லி அனுப்புகிறார். சாப்பாட்டு மேஜையில் இப்போது எல்லா நேரமும் சாப்பிடலாம். சின்னவள் வாரத்தில் நாலு நாள் பயிற்சி நிலையத்துக்குப் போகிறாள். அங்கே ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேஜை இருக்கிறது. அடுத்த பதிப்புக்குச் சொற்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எம் எழுத்து வரைக்கும் வந்திருக்கிறது.